கண்டறியப்படவில்லை என்று நான் எழுதிய மாவு

அந்தக் கஞ்சி மாவில் பூஞ்சை நஞ்சு இருந்ததா, இல்லையா? இல்லை என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். இன்று யாராவது அதே கேள்வியைக் கேட்டால், தெரியாது என்றுதான் என்னால் சொல்ல முடியும்.

எங்கள் வீடு மூலக்குளத்தில் இருக்கிறது. நான் வேலை செய்வது ஊருக்குச் சற்று வெளியே உள்ள ஓர் உணவுப் பரிசோதனைக்கூடத்தில். வேதியியல் படித்த கையோடு அங்கே சேர்ந்தேன். மாதிரி தயாரிப்புதான் என் வேலை. மிளகாய்த்தூள், எண்ணெய், பால், குழந்தைகளுக்கான சத்துமாவு என்று எது வந்தாலும் அதை அரைத்துக் கலந்து, கரைப்பானில் போட்டுக் குலுக்கி, வடிகட்டி, வேண்டாததைக் கழித்து, கடைசியில் ஒரு சின்னக் குப்பியில் சில துளிகளாக்கிக் கொடுப்பேன். அந்தத் துளிகளை, பொருள்களை எடையை வைத்து அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஓட்டிப் பார்ப்பது இன்னொருத்தி. பக்கத்தில் சாரம் என்ற பகுதியிலிருந்து வருகிறவள், என்னைவிட நான்கு வயது சின்னவள். மெஷின் அவள் பொறுப்பு. அது இருமினால்கூட அவளுக்குக் கேட்கும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

நான் செய்த தவறு புரிய வேண்டுமென்றால் ஒரே ஒரு கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடிகட்டிய சாறு நீர்த்துப்போய் இருக்கும். அதைக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தி, மேலேயிருந்து ஊசிகள் வழியாக நைட்ரஜன் ஊதி வற்றவைப்போம். பன்னிரண்டு குழாய்க்குப் பன்னிரண்டு ஊசி. வற்றியபின் அடியில் ஒட்டியிருப்பதை மறுபடி கொஞ்சம் கரைப்பானில் எடுத்தால், அதுதான் குப்பிக்குப் போகும். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் அந்த ஊசிகளை மெத்தனாலில் நனைத்த தாளால் துடைக்க வேண்டும். விதி அதுதான். ஐந்து வருடம் அப்படித்தான் துடைத்தேன்.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது. காலையில் எங்கள் தெருவிலேயே இருந்த காப்பகத்தில் அவளை விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். மாலையில் வீடு திரும்பியதும் முதல் வேலை பால் கொடுப்பது. முதல் நாளே மெத்தனால் பாட்டிலைத் திறந்ததும் அந்த வாடை என்னை என்னவோ செய்தது. இது என் மூச்சில் போய், ரத்தத்தில் போய், பாலில் போய், அவள் வாய்க்குள் போகுமோ? ஆவியை வெளியே இழுத்துவிடும் புகைபோக்கிக் கூண்டுக்குள்தான் வேலை செய்கிறேன், கையுறை போட்டிருக்கிறேன், பயப்படும் அளவுக்கு எதுவும் இல்லை என்று படித்த மூளை சொன்னது. ஆனால் அன்று என்னை நடத்தியது அந்த மூளை இல்லை.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் மாதிரி தயாரிப்பு வேண்டாம், கொஞ்ச நாள் மேஜையில் உட்கார்ந்து பதிவேடு எழுது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். ஆறு மாதம் வீட்டில் இருந்தவள். என் கை இன்னும் வேலைக்கு உதவும் என்று எனக்கே நான் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

கோட்டுப் பையில் குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள், அந்த வைப்ஸ் பாக்கெட் ஒன்று எப்போதும் இருந்தது. தாய்மார்களுக்குத் தெரியும், அந்த ஒரு வருடம் எந்தப் பையில் கை விட்டாலும் அதுதான் வரும். ஆல்கஹால் இல்லை, வாசனை இல்லை, பிறந்த குழந்தையின் தோலுக்கும் ஏற்றது என்று உறையில் எழுதியிருந்தது. மெத்தனாலைக் கொஞ்சமாவது குறைப்போம் என்று அதில் ஒன்றை உருவி ஊசிகளைத் துடைத்தேன். பளபளவென்று இருந்தன. மனது நிம்மதியாக இருந்தது. மறுநாளும் அப்படியே செய்தேன். சந்தேகம் வந்தால் இரண்டு முறை துடைத்தேன். எனக்குச் சந்தேகம் வராத நாள் கிடையாது.

இரண்டாம் வாரம் முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் அம்மா கஞ்சி மாவு கொண்டுவந்தார். வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடியபிறகு வீட்டிலேயே சத்துமாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். கேழ்வரகு, மக்காச்சோளம், பொட்டுக்கடலை, மல்லாட்டை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் பெயர். மல்லாட்டையும் சோளமும் ஈரத்தில் கிடந்தால் ஒருவகைப் பூஞ்சை பிடிக்கும். அது விடுகிற நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனாலே ஈரலைக் கெடுக்கக்கூடியது. குழந்தை உணவில் அதற்கு வைத்திருக்கும் வரம்பு மிக மிகக் குறைவு.

நாங்கள் ஒரு கிலோ கேட்போம். அவர் அரைக் கிலோதான் கொண்டுவந்தார்.

"இன்னாம்மா பண்றது, மீதி எல்லாம் ஆர்டருக்குக் கட்டிட்டேன். பஸ்ஸ புடிச்சி வந்துட்டேன், திருப்பி அனுப்பிடாத," என்றார்.

நான் வாங்கிக்கொண்டேன். பாதியைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு பாதியைக் கையிருப்பு மாதிரியாக எடுத்து வைத்தேன். பின்னால் ஏதாவது கேள்வி வந்தால் திரும்பப் பார்ப்பதற்காக வைக்கும் பங்கு அது. ஆனால் முதல் முறை சரியாக அரைபட்டதா என்று அன்று மாலை எனக்குச் சந்தேகம் வந்தது. குழந்தைகள் சாப்பிடுவதாயிற்றே என்று கையிருப்பையும் எடுத்து அரைத்து இரண்டாவது முறை செய்தேன். இரண்டு சாறும் ஒரே ஊசிகளுக்கு அடியில்தான் வற்றின. இரண்டிலும் எதுவும் தெரியவில்லை. "கண்டறியப்படவில்லை" என்று எழுதினேன்.

எழுதிய அந்த வாரமே கடையில் அவருடைய மாவைப் பார்த்து ஒரு பாக்கெட் வாங்கினேன். என் கையெழுத்தை நம்பித்தான் வாங்கினேன். என் மகளுக்குத் தாய்ப்பாலுக்கு அடுத்த முதல் உணவு அதுதான்.

அதற்கப்புறம்தான் மெஷினில் குறை தெரியத் தொடங்கியது. ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவில் ஒரு துணைப் பொருளைச் சேர்ப்போம். தேடுகிற பொருளுக்கு இரட்டைப் பிறவி போன்றது, எடை மட்டும் சற்று வேறு. அதன் குறி வழக்கமான உயரத்துக்கு வந்தால் எல்லாம் சரியாக நடந்தது என்று அர்த்தம். அது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. பாதிக்குக் கீழே போனால் அந்த ஓட்டத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும். பாதிக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுகொண்டிருந்ததால் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டோம். சின்னவள் மெஷினின் வாய்ப்பகுதியைக் கழற்றி மூன்று முறை கழுவினாள். பயனில்லை.

கடைசியில், தேடுகிற எடைகளை மட்டும் பார்க்காமல் வருகிற எல்லாவற்றையும் காட்டும்படி வைத்து, மாதிரி எதுவும் சேர்க்காத வெறும் கரைப்பானை என்னையே தயாரிக்கச் சொல்லி ஓட்டினாள். திரையில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் குறிகள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட நாற்பத்து நான்கு எடை தள்ளி நின்றது.

"அக்கா, இது கிரீம், ஷாம்பு மாதிரி எதுலயாவது இருக்குறது. யாரோ மேக்கப் போட்டுக்கினு வந்து கைய வெச்சிருக்காங்க," என்றாள். "நானில்ல. என் மூஞ்சியப் பார்த்தாலே தெரியும்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மேல் தட்டில் இருந்த குப்பியை எடுக்கக் கையை உயர்த்தியபோது கோட்டுப் பையிலிருந்து அந்தப் பாக்கெட் பாதி வெளியே வந்தது. அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"அக்கா..."

"ஊசியத் தொடச்சேன்," என்றேன்.

"எதுல? பாப்பாவத் தொடைக்கிறதுலயா?"

"ம்."

"நல்லவேளை, டயாப்பர் மாட்டி விடல."

குழந்தையின் தோலில் மெதுவாக வழுக்கிப் போவதற்காக வைப்ஸில் சேர்த்திருப்பது, ஊசியில் ஒட்டி, நைட்ரஜனோடு சாற்றில் இறங்கியிருக்கிறது. அது விஷமில்லை. ஆனால் மெஷினுக்குள் அது செய்கிற வேலை வேறு. குப்பியிலிருக்கும் திரவம் மெல்லிய ஊசி வழியாக, பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில், பனிபோலச் சிதறி வெளியே வரும். துளிகள் காயக் காய, அவற்றிலிருக்கும் பொருள்கள் மின்னேற்றம் பெற்று மெஷினுக்குள் பறக்கும். மின்னேற்றம் கிடைத்தது மட்டும்தான் மெஷினின் கண்ணுக்குத் தெரியும். கிடைக்காதது அங்கேயே இருந்தாலும் இல்லாததுதான். வைப்ஸிலிருந்து வந்தது அந்த மின்னேற்றத்தை முந்திப் பறித்துக்கொள்ளும்.

காலையில் வில்லியனூரிலிருந்து வரும் பஸ் மூலக்குளத்துக்கு வரும்போதே படிவரை ஆட்கள் தொங்கிக்கொண்டிருப்பார்கள். நான் நிறுத்தத்தில் கை காட்டிக்கொண்டு நிற்பேன், பஸ் நிற்காமல் போகும். அந்த பஸ்ஸுக்குள் என்னைத் தேடினால் நான் இருக்க மாட்டேன். அதற்காக அன்று காலை நான் மூலக்குளத்தில் இல்லை என்று யாராவது எழுதிவிட முடியுமா? நான் எழுதியிருந்தேன்.

நஞ்சு நிறைய இருந்திருந்தால் துணைப் பொருளோடு ஒப்பிட்டாவது தெரிந்திருக்கும். இரண்டும் ஒன்றாகத்தான் அமுங்கும் என்பதால் கணக்கு தானே திருத்திக்கொள்ளும். வரம்பை ஒட்டிக் கொஞ்சமாக இருந்தால்தான் அடியோடு மறைந்துபோகும். குழந்தை உணவின் வரம்பு அங்கேதான் இருக்கிறது.

அந்த நேரத்தில் என் முன்னால் ஒரு சுலபமான வழி இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பாக்கெட்டைக் குப்பையில் போட்டு, ஊசிகளைக் கழற்றி மெத்தனாலில் ஊறவைத்தால் மறுநாளே எல்லாம் சரியாகிவிடும். சின்னவளும் சொன்னாள்: "அக்கா, நான் எதுவும் பாக்கலன்னா பாக்கல. நீ சொல்றதுதான்." நான் ஒரு வைப்ஸை மெத்தனாலில் ஊறவைத்து அவளிடம் கொடுத்தேன். "இத ஓட்டு. அதேதானான்னு உறுதியா தெரிஞ்சுக்கணும்," என்றேன். அதே சீப்பு. அந்தப் படத்தை அச்செடுத்துக்கொண்டு எங்கள் பரிசோதனைக்கூடத் தலைவர் அறைக்குப் போனேன். நடுவில் இரண்டு முறை கழிவறைக்குப் போய்வந்தேன். ஆனால் போனேன்.

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எத்தன நாளா?"

"லீவு முடிஞ்சு வந்த நாள்லேர்ந்து சார்."

"மெத்தனாலுக்கு பயமா இருந்தா எங்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா?"

"கேட்டா மேஜையில உக்கார வெச்சிடுவீங்கன்னு நெனச்சேன் சார்."

அவர் படத்தை மேஜையில் வைத்தார். "வெச்சிருப்பேன்தான்," என்றார்.

அதன்பிறகு அவர் கோபப்பட்டார். நியாயமான கோபம். எல்லாம் சொல்லி முடித்தபின், நான் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டார். அந்த நாட்களில் ஊசி பட்ட எல்லா மாதிரிகளின் பட்டியலையும் எழுதியே கொண்டுபோயிருந்தேன். "எல்லாத்தையும் திரும்பப் பண்றேன் சார். வழக்கமான வேலையோட சேத்தே பண்றேன்," என்றேன்.

செய்தேன். மூன்று வாரம் மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டேன். கையிருப்பு அறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அரைத்து, புதிதாகக் கழுவிய ஊசிகளில் வற்றவைத்தேன். துணைப் பொருளின் குறி பழைய உயரத்துக்கு வந்தது. ஏறக்குறைய எல்லா அறிக்கையும் முன்பு எழுதியதைப் போலவே வந்தது. ஒரு மிளகாய்த்தூளில் மட்டும், முன்பு எதுவுமில்லை என்று எழுதிய இடத்தில், நஞ்சு கொஞ்சம் தெரிந்தது. வரம்புக்கு உள்ளேதான் இருந்தது. திருத்திய அறிக்கை அனுப்பினோம். அந்தக் கொஞ்சத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அப்படியானால் ஊசி உண்மையிலேயே மறைத்திருக்கிறது.

பட்டியலில் ஒன்றே ஒன்றுக்குத்தான் கையிருப்பு இல்லை. ஒருமுறைக்கு இருமுறையாக இருக்கட்டும் என்று நான் அரைத்துத் தீர்த்த அந்தக் கஞ்சி மாவுக்கு.

அதைக் கொண்டுவந்த அம்மாவுக்கு அலுவலகத்திலிருந்து கடிதம் போகும் என்றார்கள். கடிதத்துக்கு முன்னால் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று அனுமதி கேட்டு, ஒரு சனிக்கிழமை முத்தியால்பேட்டைக்குப் போனேன். முன்னறையில் மாவு சலித்துக்கொண்டிருந்தார். சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், நான் கையெழுத்துப் போட்ட தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

"தோ, லேப் மேடம்! இன்னா, வீடு தேடிக்கினு வந்துட்ட? கொழந்தைக்கு மாவு வேணுமா?"

"இல்லக்கா. அந்த ரிப்போர்ட்டு பத்தி. அது செல்லாது. நான் செஞ்ச தப்பு."

சல்லடை நின்றது. நடந்ததைச் சொன்னேன். ஊசி, வைப்ஸ், எல்லாம்.

"அப்ப என் மாவுல வெசம் இருக்குன்றியா?"

"இருக்குன்னு சொல்லலக்கா. இல்லன்னு சொன்னது செல்லாதுன்னு சொல்றேன்."

"எங்காதுக்கு ரெண்டும் ஒன்னுதான் கேக்குது."

அவர் எழுந்து மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "ஒவ்வொரு மல்லாட்டையையும் நான் கையால பொறுக்குறேன் தெரியுமா? சொத்த ஒன்னு வுடமாட்டேன். நீ படிச்சவ, கொழந்தைய தொடைக்கிறத எடுத்து மிஷின தொடச்சிட்டு வந்து நிக்கிற!"

"ஆமாக்கா."

"ஆமான்றா பாரு. சண்ட கூட போட முடியல." அவர் சட்டத்தைக் கழற்றி, தாளை உருவி என்னிடம் கொடுத்தார். ஆணியை நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஆணி இருக்கட்டும். புதுசு வந்தா மாட்ட வேணாமா?" என்றார்.

பழைய அரைப்பில் ஏதாவது மீதி இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு பாக்கெட்கூட இல்லை என்றார். கடைகளில் இரண்டு பேருக்கு ஃபோன் போட்டும் கேட்டார். எல்லாம் விற்றுப்போயிருந்தது. அன்று அரைத்த மாவில் முழுசாக ஒரு கிலோ அளந்து கட்டிக் கொடுத்தார். "கைய சோப்பு போட்டுக் கழுவு. அந்தத் துணியால தொடைக்காத," என்று தெருமுனைவரை கேட்கும்படி சொன்னார். அந்த மாவு சுத்தமாக இருந்தது. துணைப் பொருளின் குறி முழு உயரத்துக்கு வந்த ஓட்டத்தில், கண்டறியப்படவில்லை என்று மறுபடி எழுதினேன். புதிய தாள் அந்த ஆணியில் இப்போது இருக்கிறது.

ஆனால் அது வேறு அரைப்பு, வேறு மல்லாட்டை. பழையது இருபது முப்பது வீடுகளின் கிண்ணங்களில் கரைந்து போய்விட்டது. எங்கள் வீட்டுக் கிண்ணமும் அதில் ஒன்று.

அந்தச் சனிக்கிழமை பேருந்தில் திரும்பும்போதுதான் நான் வாங்கிய பாக்கெட் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் சமையலறை டப்பாக்களைத் தள்ளித் தேடினேன். பாக்கெட்டில் அவர் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்த அரைத்த தேதி, எனக்குக் கொண்டுவந்த மாதிரியில் இருந்த அதே தேதி. அடியில் நான்கைந்து பிடி மாவு மீதி இருந்தது. அதை இறுக்கி மடித்து, கிளிப் போட்டு, இன்னொரு பைக்குள் வைத்து ஃப்ரீசரின் பின்பக்கம் தள்ளினேன்.

அதை ஓட்டிப் பார்க்கலாமா என்று தலைவரிடம் கேட்டேன். "திறந்த பாக்கெட் மாதிரியே கிடையாதும்மா," என்றார். ஈரக் கரண்டி உள்ளே போயிருக்கலாம், இந்தக் கடல் காற்றில் பூஞ்சை என் அலமாரியிலேயே பிடித்திருக்கலாம். ஏதாவது தெரிந்தால் அது அந்த அக்கா அரைத்தபோதே மாவில் இருந்தது என்று சொல்ல முடியாது. தெரியாவிட்டாலும் நிரூபணமில்லை. இந்த நஞ்சு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவியிருக்காது. ஒரு மூட்டையில் ஒரே ஒரு சொத்தைக் கடலையில் முழுவதும் இருக்கலாம், என் நான்கு பிடியில் அது விழாமல் போயிருக்கலாம். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. வேறு யாராவது அந்தப் பாக்கெட்டைக் கொண்டுவந்திருந்தால் நானும் இதையேதான் சொல்லி அனுப்பியிருப்பேன்.

சின்னவள் காதோரம் சொன்னாள்: "நீ ரெடி பண்ணி குடுக்கா, பேரு போடாம ஓட்டித் தரேன். ஒனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்ல?" பேர் போடாமல் ஓட்டுவது என்னால் ஆகாது. சொல்லாமல் செய்த ஒரு காரியத்தால்தான் இவ்வளவும். ஓட்டினால் பதிவேட்டில் எழுதி, என் வீட்டு மாவு என்று குறித்து, தலைவரின் ஒப்புதலோடுதான் ஓட்டுவேன். அவரும், வேண்டாம் என்பதுதான் தன் கருத்து, ஆனாலும் எழுதிக் கேட்டால் மறுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

குழந்தை மருத்துவர் என் மகளைத் தூக்கிப் பார்த்தார், எடை போட்டார். நன்றாக இருக்கிறாள், இதை மனதிலிருந்து இறக்கி வையுங்கள் என்றார். என் கணவர் இன்னும் சுருக்கமாக முடித்தார். "ஐஸ் எடுக்கப் போனா அதான் கைல வருது. கொட்டிடு," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி, இருக்கட்டும்," என்றும் சொன்னார்.

நான் மாதிரி தயாரிப்பிலேயே தொடர்கிறேன். ஊசிகளை மெத்தனாலால் துடைக்கிறேன், கூண்டின் கண்ணாடியை விதிப்படி இறக்கிவைத்துக்கொண்டு. கோட்டுப் பையில் பேனா மட்டும்தான். சந்தேகம் வந்தால் இப்போது வாய் திறந்து கேட்கிறேன். சில நாள் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்கிறேன், அவர்களும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

மகளுக்கு ஒரு வயது ஆவதற்குள் அந்த நான்கு பிடி மாவை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்துவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஃப்ரீசரை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மாறி மாறித் தோன்றுகிறது. ஏதாவது தெரிந்தால், நிரூபிக்க முடியாத ஒன்றைக் கொண்டுபோய், கையால் கடலை பொறுக்குகிற அந்த அக்காவின் முன்னால் மறுபடி நிற்க வேண்டும். சொல்லாமலும் இருக்க முடியாது. எதுவும் தெரியாவிட்டால் அதை நான் நம்புவேனா என்பது எனக்கே தெரியவில்லை. ஓட்டாமல் கொட்டிவிட்டால், பார்க்க முடிந்தும் பார்க்காமல் விட்டவள் என்று ஆகிவிடுவேன்.

பரிசோதனைக்கூடங்களில் வேலை செய்கிறவர்கள் இதைப் படித்தால், குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறவர்கள் படித்தால், அல்லது என்னைப் போலத் திரும்பச் செய்ய முடியாத ஒன்றைச் செய்துவிட்டு அதன்பின் வாழ்ந்து பார்த்தவர்கள் படித்தால், எனக்கு எழுதுங்கள். அந்த மாவை நான் ஓட்டிப் பார்க்கட்டுமா, கொட்டிவிடட்டுமா? ஓட்டச் சொல்கிறவர்கள், விடை எதுவாக வந்தாலும் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.